ஏழாங்கட்டையில் ஒரு விடுமுறை

மே மாதக் கடைசியில் மகளுக்கு அடையாள அட்டை வந்தது. 15 வயதை எட்டிய சிங்கப்பூர்க் குடிமக்கள் எல்லாரும் பதிந்து வாங்கும் அதே இளஞ்சிவப்பு அட்டைதான். "படத்துல ஒரு கண்ணு பாதி மூடியிருக்கும்மா. 30 வயசு வரைக்கும் இந்த மூஞ்சியோடதான் திரியணும்" என்று புலம்பிக்கொண்டே அதைச் சாப்பாட்டு மேசையில் போட்டாள்.

எங்களோடு வசிக்கும் என் அம்மா, ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு அட்டையை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "என் அப்பா வச்சிருந்ததும் சிவப்புதான். அது வேற சிவப்பு" என்றார். அட்டையை மேசையில் வைத்துவிட்டு அடுப்பில் இருந்த ரசத்தைக் கவனிக்கப் போய்விட்டார்.

அம்மாவுக்கு 76 வயது. பேராக்கில், சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். 19 வயதில் கல்யாணமாகி சிங்கப்பூருக்கு வந்தார். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தோட்டத்தைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் அந்தக் காலம்" என்று முடித்துவிடுவார். நாங்களும் விட்டுவிடுவோம்.

அன்றைக்கு மகள் விடவில்லை. சமையலறை வரைக்கும் போய், "வேற சிவப்புன்னா என்ன பாட்டி?" என்றாள்.

"ஒரு நாள் சொல்றேன்."

"அந்த இடத்தைப் பாக்கணும்னு உங்களுக்குத் தோணாதா?"

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கூட்டிட்டுப் போனா வருவேன்" என்றார்.

ஜூன் விடுமுறைக்கு நாங்கள் ஜப்பான் போவதாக இருந்தது. பயணச்சீட்டு இன்னும் வாங்கவில்லை. அந்த வாரமே திட்டம் மாறிவிட்டது.

குளிர்பதனப் பெட்டியில் ஒரு பட்டியல்

எனக்கு எதையும் அட்டவணை போட்டுச் செய்துதான் பழக்கம். இந்த ஆண்டின் முக்கியமான நாள்களை எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தேன். மகன் பலதுறைத் தொழிற்கல்லூரிப் படிப்பை முடித்தது, மகளின் அடையாள அட்டை, எங்கள் 22ஆவது திருமண நாள், கடைசியில் சிவப்பு மையில் 'ஜூலை, தேசிய சேவை'.

அந்தக் கடைசி வரிதான் என்னை ஆட்டிவைத்தது. மகன் சேவைக்குப் போய்விட்டால் நாங்கள் எல்லாரும் சேர்ந்து இப்படி ஒரு பயணம் போக இன்னும் இரண்டு ஆண்டாகும். அதற்குள் அவனுக்கு 21 ஆகிவிடும். அதன் பிறகு பெற்றோரோடு விடுமுறைக்கு வருவானா? வந்தாலும் மனம் விரும்பி வருவானா?

இப்போதே அவன் விரும்பி வரவில்லை. நண்பர்களோடு பாத்தாம் போகவேண்டும் என்றான். "அஞ்சு நாள்தானே, வாடா" என்று நான் சொல்லிப் பார்த்தேன், அவன் அப்பாவும் சொன்னார். கடைசியில் பாட்டிக்காகத்தான் சரியென்றான். காரின் பின்னிருக்கையில், காதில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு அமர்ந்தான்.

விடியற்காலை நாலு மணிக்கு ஈசூனிலிருந்து புறப்பட்டோம். முக்கால் தொட்டிக்கு மேல் பெட்ரோல் இருக்கிறதா, மலேசிய வாகன நுழைவு அனுமதி ஒட்டியிருக்கிறதா, டச் அன் கோ அட்டையில் காசு இருக்கிறதா என்று கணவர் மூன்று முறை சரிபார்த்தார். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் கடப்பிதழ்களைக் கையில் எடுக்கவே வேண்டியிருக்கவில்லை. கைபேசியில் ஒரு கியூஆர் குறியீடு, அவ்வளவுதான். ஆனால் அந்தக் குறியீட்டைக் காட்டும் இடத்துக்குப் போய்ச்சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. விடுமுறையின் முதல் சனிக்கிழமை என்றால் நீங்களும் அந்த ஜேமில் நின்றிருப்பீர்கள். விளக்கத் தேவையில்லை.

1924இல் திறக்கப்பட்ட பாலம் அது. ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதல் நீளம். அதில் ஊர்ந்துகொண்டிருந்தபோது அம்மா கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு, "நான் வந்தப்ப ரயில்ல வந்தேன். அப்பவும் விடியக்காலைதான்" என்றார். மகள் கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தினாள். மகன் நிமிர்த்தவில்லை.

ஈப்போவில் நடந்த சண்டை

முதல் நாள் கோலாலம்பூரில் உறவினர் வீட்டில் தங்கல். அதில் சொல்ல எதுவும் இல்லை. சாப்பிட்டோம், தூங்கினோம். மறுநாள் ஈப்போ. என் அட்டவணைப்படி காலையில் கல்லுமலைக் கோயில், மதியம் பழைய நகரத்தில் வெள்ளைக் காப்பி, மாலையில் புந்தோங்கில் கச்சான் பூத்தே. கடலையும் முறுக்கும் பக்கோடாவும் மூட்டை மூட்டையாய் அடுக்கியிருந்த கடைகளில் அம்மாவின் முகம் மலர்ந்தது. மகள் ஆறு பொட்டலம் வாங்கினாள்.

ஒவ்வோர் இடத்திலும் படம் எடுத்தேன். ஒவ்வொரு படத்திலும் மகனை நடுவில் நிற்கவைத்தேன். 'கொஞ்சம் சிரி', 'தங்கச்சி தோளில் கை போடு', 'பாட்டி பக்கத்துல வா'. அன்றிரவு ஹோட்டல் அறையில் அவன் வெடித்தான்.

"எல்லாப் படத்துலயும் என்னையே ஏம்மா நடுவுல நிக்க வைக்கிறீங்க? ஏதோ நான் திரும்பி வரவே மாட்டேங்கிற மாதிரி! நான் போறது தெக்கோங்கும்மா. நம்ம வீட்டிலேருந்து பார்த்தா அந்தப் பக்கத்துத் தீவு. வார இறுதியில அழுக்குத் துணியோட வந்து நிப்பேன். இதுக்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா?"

"அம்மாகிட்ட பேசுற முறையாடா இது?" என்று கணவர் குறுக்கிட்டார். அவன் கதவைத் திறந்துகொண்டு கீழே போய்விட்டான்.

அவன் சொன்னதில் பொய் இல்லை. எத்தனையோ தாய்மார்கள் பிள்ளைகளைத் தேசிய சேவைக்கு அனுப்புகிறார்கள். என் பயம் ராணுவத்தைப் பற்றியதும் இல்லை. மூன்று ஆண்டுக்கு முன்னால், சாதாரண நிலைத் தேர்வு முடிவு வந்த வாரத்தில், அவன் தொடக்கக்கல்லூரி வேண்டாம், பலதுறைத் தொழிற்கல்லூரிக்குத்தான் போவேன் என்றான். நான் வேறு கனவு கண்டிருந்தேன். ஆத்திரத்தில், "உன்ன நம்பி நான் இவ்வளவு வருஷம் வீணாக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அவன் அதற்குப் பதில் சொல்லவில்லை. அதன் பிறகு எங்களுக்குள் பேச்சு நின்றுவிடவில்லை. ஆனால் சாப்பிட்டாயா, எத்தனை மணிக்கு வருவாய், வைஃபை ஏன் மெதுவாக இருக்கிறது என்பதைத் தாண்டவும் இல்லை. அவன் நன்றாகவே படித்து முடித்தான். நான் பெருமைப்பட்டேன். அதைக்கூட அவனிடம் சரியாகச் சொல்லவில்லை. ஜூலைக்குள் எப்படியாவது சொல்லிவிடவேண்டும் என்ற பதற்றத்தைத்தான் படங்களாக எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

கட்டிலில் படுத்திருந்த அம்மா தூங்கவில்லை. "விடு. நாளைக்கு அவனுக்கு ஒரு வேலை குடு. ஆம்பளப் பிள்ளைய சும்மா உட்கார வச்சு அழகு பார்த்தா அவனுக்குக் கோவம்தான் வரும்" என்றார்.

பதினொன்று புள்ளி மூன்று

வேலை தானாகவே வந்தது. மறுநாள் காலை சுங்கை சிப்புட் பட்டணத்தில் காரை நிறுத்திவிட்டு, "உங்க தோட்டம் எங்கம்மா?" என்று கேட்டோம். அம்மாவுக்கு இப்போதைய சாலைப் பெயர் எதுவும் தெரியவில்லை. "லிந்தாங் ரோட்டுல ஏழாங்கட்டை" என்றார்.

இன்றைய பிள்ளைகளுக்குக் கட்டை என்றால் விறகு. அந்தக் கால மலாயாவில் கட்டை என்றால் மைல்கல். பட்டணத்திலிருந்து எத்தனையாவது மைல் என்பதுதான் ஓர் இடத்தின் முகவரி. மலாய்க்காரர்கள் 'பத்து' என்றார்கள், நம்மவர்கள் 'கட்டை' என்றார்கள். கடை மூணாங்கட்டையில், ஆஸ்பத்திரி அஞ்சாங்கட்டையில், மாப்பிள்ளை வீடு பதினோராங்கட்டையில். மைல் போய்க் கிலோமீட்டர் வந்து பல காலம் ஆகிவிட்டது. அம்மா சொல்லும் ஏழாங்கட்டை எந்த வரைபடத்திலும் இல்லை.

பின்னிருக்கையில் மகன் காதிலிருந்ததைக் கழற்றினான். "ஏழு மைலா பாட்டி? எங்கேருந்து எண்ணணும்?"

"பட்டணத்து முச்சந்தியிலேருந்துதான் எண்ணுவாங்க."

"ஏழு மைல்னா பதினொண்ணு புள்ளி மூணு கிலோமீட்டர். அப்பா, முச்சந்திக்குத் திரும்பப் போங்க. மீட்டரை சைபர்ல வைங்க."

அவன் முன்னிருக்கைக்கு வந்தான். நான் பின்னால் மாறினேன். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் குரல் கொடுத்துக்கொண்டே வந்தான். அம்மாவோ எண்ணைப் பார்க்கவில்லை. சன்னலுக்கு வெளியே எதையோ தேடிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் செம்பனை. ஒரு ரப்பர் மரம்கூடக் கண்ணில் படவில்லை. "எல்லாம் மாறிப்போச்சு, எல்லாம் மாறிப்போச்சு" என்று முணுமுணுத்தார்.

"பதினொண்ணு புள்ளி ரெண்டு. அப்பா, மெதுவா. பதினொண்ணு புள்ளி மூணு."

செம்பனைகளுக்கு நடுவே ஒரு செம்மண் பாதை பிரிந்தது. அதன் முகப்பில் மஞ்சளும் நீலமும் புதிதாய்ப் பூசிய ஒரு சின்ன மாரியம்மன் கோயில். அம்மா கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டார். செருப்பைக் கழற்றக்கூட மறந்து நின்றார்.

கோயிலைப் பெருக்கிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், "யாரும்மா நீங்க? யாரப் பாக்கணும்?" என்று கேட்டார்.

"நான் இங்க ரெண்டாம் டிவிசன். நாலாவது லயம், கடைசி வீடு."

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். லயங்களை இடித்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது என்றார். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது ஆள் குறைந்துபோனது. குடும்பங்கள் பட்டணத்துத் தாமான்களுக்குப் போய்விட்டன. இப்போது தோட்டத்தில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டவர். ஆடி மாதத் திருவிழாவுக்கு மட்டும் பழைய ஆட்கள் பிள்ளைகளோடு வந்து கூடுவார்களாம். அம்மாவுக்குத் தெரிந்த பெயர்கள் ஒவ்வொன்றாய் வந்தன. பெரும்பாலான பெயர்களுக்கு அவர் "காலமாயிட்டாங்க" என்றே பதில் சொன்னார்.

செம்பனை வரிசைகளுக்குள் அம்மா நடந்தார். இது பெரட்டுக் களம், கங்காணி இங்கேதான் பேர் கூப்பிடுவார். இது ஆயாக்கொட்டகை, என்னை இங்கே தொட்டிலில் போட்டுவிட்டுத்தான் எங்க அம்மா பால்வெட்டுக்குப் போவாங்க. இது பால் நிறுக்கிற இடம். அவர் சுட்டிய இடங்களில் எல்லாம் எங்களுக்குச் செம்பனை மட்டைகள்தான் தெரிந்தன. மகன் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். மேடு பள்ளம் பார்த்து, "இங்க கால வைங்க பாட்டி" என்று சொல்லிக்கொண்டே வந்தான். நான் படம் எடுக்கவில்லை.

கோலகங்சாரில் ஒரு மரம்

அம்மாவுக்கு ஒரு ரப்பர் மரத்தையாவது காட்டவேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்தாள். தேடிப் பார்த்து அவளே கண்டுபிடித்தாள். அங்கிருந்து கோலகங்சார் அரை மணி நேரப் பயணம். மாவட்ட அலுவலகத்துக்கு அருகில் வேலி போட்டு ஒரு ரப்பர் மரத்தைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

அதன் கதையைப் படித்தபோது எங்களுக்கே வியப்பு. 1877இல் லண்டன் கியூ தாவரத் தோட்டம் அனுப்பிய 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. நாம் ஞாயிற்றுக்கிழமைகளில் பாய் விரித்து உட்காரும் அதே தாவரத் தோட்டத்துக்குத்தான். அவற்றில் ஒன்பது, அப்போது பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ மூலம் கோலகங்சாருக்குப் போயின. அந்த முதல் மரங்களில் எஞ்சியிருப்பதுதான் இது. பின்னர் 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சாய்வாகக் கீறித் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். ரப்பர் நடுங்கள் என்று தோட்டக்காரர்களிடம் ஓயாமல் சொல்லித் திரிந்ததால் அவருக்குப் 'பைத்தியக்கார ரிட்லி' என்றே பட்டப்பெயர். மோட்டார் வண்டிகள் பெருகி ரப்பருக்கு விலை ஏறியதும் காடுகள் தோட்டங்களாயின. தோட்டங்களுக்கு ஆள் வேண்டும் என்று தமிழ்நாட்டிலிருந்து கப்பல் கப்பலாய் மக்களைக் கொண்டுவந்தார்கள்.

"அப்ப இந்த மரம் நம்ம ஊர்லேருந்து இங்க வந்ததா?" என்றான் மகன்.

"மரம் அங்கேருந்து இங்க வந்துச்சு. நான் இங்கேருந்து அங்க வந்தேன்" என்று அம்மா சிரித்தார்.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடியே வெறுங்கையால் காற்றில் கீறிக் காட்டினார். இடமிருந்து வலமாய்ச் சாய்த்து, பட்டையின் மேலாக. ஆழமாய்ப் போனால் மரத்தில் காயம் விழும், கங்காணியிடம் ஏச்சு விழும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் இருட்டோடு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போகவேண்டும். மங்கு துடைப்பதும், முந்தைய நாள் காய்ந்துபோன ஒட்டுப்பாலை உரிப்பதும் பிள்ளைகள் வேலை. 12 வயதில் அம்மா அதைச் செய்திருக்கிறார். பிறகுதான் பள்ளிக்கூடம். "வகுப்புல தூங்கி விழுவேன். வாத்தியார் அடிக்க மாட்டார். அவருக்குத் தெரியும்."

மகள் அதுவரை கைபேசியை வெளியே எடுக்கவில்லை. "இப்ப சொல்லுங்க பாட்டி, அந்தச் சிவப்பு அட்டை" என்றாள்.

மரத்தடியை ஒட்டிய திட்டில் உட்கார்ந்துகொண்டு அம்மா சொன்னார். தாத்தா சிறுவனாகக் கப்பலேறி மலாயாவுக்கு வந்தவர். சுதந்திரம் கிடைத்த பிறகு குடியுரிமைக்கு மனுப் போடலாம் என்றார்கள். பாரம் நிரப்பவேண்டும், மலாய் தெரியவேண்டும், அலைய வேண்டும். 'என்னிக்காவது ஊருக்குத் திரும்பப் போறவன்தானே, எனக்கெதுக்கு' என்று தாத்தா விட்டுவிட்டார். தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர் சொன்னதால் மகளுக்கு மட்டும் மனுப் போட்டார். அம்மாவுக்கு நீல ஐசி வந்தது. மலேசியாவில் நீலம் என்றால் குடிமகன். தாத்தாவிடம் இருந்தது சிவப்பு. அங்கே சிவப்பு என்றால் குடியுரிமை இல்லாதவர்.

1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்க அனுமதிச்சீட்டு வாங்கவேண்டும் என்றானது. அந்த ஆண்டுகளில் ஆயிரமாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். பாட்டி அதற்கு முன்பே காலமாகிவிட்டார். ஒரே மகளை 1969இல் சிங்கப்பூரில், செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த என் அப்பாவுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டு, தாத்தா தனியாள் ஆனார். மறு ஆண்டு பினாங்கில் 'ரஜூலா' கப்பல் ஏறினார்.

"எனக்குக் கடுதாசி போட்டிருந்தார். இன்ன தேதியில கப்பல்னு. உங்க பெரிய மாமா பிறந்து 40 நாள். ரயிலுக்குக் காசு இல்ல. உங்க தாத்தாவுக்கு ஷிப்டு வேலை. ராத்திரி மெயில் ஒண்ணு இருந்துச்சு. கோலாலம்பூர்ல மாறி ஏறினா பட்டர்வொர்த் வந்துடலாம். கடன் வாங்கியாவது போயிருக்கலாம். போகல." அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆறு வருஷம் கழிச்சுத் தந்தி வந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னார். நான் அவருடைய ஒரே மகள். எனக்கு அரை நூற்றாண்டு வயது. இதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

பட்டர்வொர்த் படகு

என் அட்டவணையில் பினாங்குப் பாலம் இருந்தது. 1985இல் திறந்த பதின்மூன்றரை கிலோமீட்டர் பாலம். பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும் என்று குறித்துவைத்திருந்தேன். மகன், "பாலம் வேண்டாம்ப்பா. காரை பட்டர்வொர்த்துல போட்டுட்டு ஃபெரில போகலாம்" என்றான். காரணம் கேட்கவில்லை. எல்லாருக்கும் புரிந்தது.

பத்துப் பதினைந்து நிமிடப் பயணம்தான். அம்மா உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிரே ஜார்ஜ் டவுனின் பழைய கட்டடங்கள். துறைமுகத்தில் ஓர் உல்லாசக் கப்பல் வெள்ளை மாளிகைபோல் நின்றிருந்தது. ரஜூலா இந்தத் தண்ணீரில் எங்கே நின்றதோ, தாத்தா எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாரோ. அம்மா ஒன்றும் பேசவில்லை. அழவும் இல்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகன் அவர் பக்கத்தில் போய் நின்றான். நான் இரண்டடி பின்னால் இருந்தேன். காற்றில் அவன் சொன்னது கேட்டது.

"பாட்டி, ஜூலையில நானும் போட்டுலதான் போறேன். வீட்டு ஆளுங்க கூட வரலாம். நீங்க வர்றீங்களா?"

அம்மா திரும்பி அவன் முகத்தைப் பார்த்தார். "வராமலாய்யா?" என்றார்.

யாரும் வரவேண்டாம், பேருந்தில் நானே போய்க்கொள்கிறேன் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் அவன்.

அன்று மதியம் நாசி கண்டார் சாப்பிட்டோம். தோளில் கம்பு வைத்து, இரண்டு முனையிலும் சோறும் குழம்பும் தொங்கவிட்டு விற்ற தமிழ் முஸ்லிம்களின் சாப்பாடு. அந்தக் கம்பின் பெயரால்தான் 'கண்டார்' என்றதும் அம்மா, "நாங்க பால் வாளியத் தூக்கினதும் காண்டாவிலதானே!" என்றார். மகள் அதை எழுதிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டுரைக்கு ஆகுமாம். எதற்கானாலும் சரி, எழுதினால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் இரவு, சிரம்பானைத் தாண்டி ஓய்விடத்தில் நிறுத்தினோம். கணவரும் மகளும் கடைக்குப் போனார்கள். அம்மா காரில் தூங்கினார். நானும் மகனும் வெளியே நின்றோம். மூன்று ஆண்டுக்கு முன் சொன்னதை எடுத்தேன். தப்பு என்றேன். நீ தேர்ந்தெடுத்ததை நீ நன்றாகச் செய்தாய், எனக்குப் பெருமைதான் என்றேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்ததில் பாதிகூட வரவில்லை.

"எனக்கு அது ஞாபகமே இல்லம்மா" என்றான். காலால் ஒரு கல்லை உருட்டினான். கொஞ்சம் கழித்து, "ஞாபகம் இருக்கு. ஆனா பரவால்ல" என்றான். பிறகு, "உங்களுக்கு மைலோ வேணுமா?" என்று கேட்டுவிட்டுக் கடைப் பக்கம் நடந்தான்.

ஜூலை

சாங்கியிலிருந்து தெக்கோங்குக்கு நாங்கள் நால்வரும் அவனோடு படகேறினோம். அம்மா கல்யாணத்துக்குக் கட்டும் பச்சைப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். "பாட்டி, ராணுவ முகாம்!" என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "என் பேரனை ஏத்திவிடப் போறேன். பழசையா கட்டுவாங்க?" என்றார் அம்மா.

பிள்ளைகள் வரிசையாக நின்று உறுதிமொழி எடுத்தார்கள். அவர்கள் தூங்கப்போகும் கட்டில்களைப் பார்த்தோம். உணவுக்கூடத்தில் அவனோடு சாப்பிட்டோம். அம்மா கோழியைச் சாப்பிட்டுப் பார்த்து, "பரவால்ல, உப்பு இருக்கு" என்று சான்றிதழ் கொடுத்தார். பிறகு பெற்றோர்கள் கிளம்பலாம் என்று அறிவித்தார்கள். அவன் பாட்டியின் காலைத் தொட்டான். அம்மா அவன் நெற்றியில் திருநீறு பூசினார். நல்லவேளையாக யாரும் எதுவும் சொல்லவில்லை. என்னை அவன் ஒரு கையால் அணைத்தான். நான் அழமாட்டேன் என்று கணவரிடம் பந்தயம் கட்டியிருந்தேன். தோற்றேன்.

சினிமாவில் வருவதுபோல் அவன் கரையில் நின்று கையசைக்கவில்லை. உணவுக்கூட வாசலிலேயே ஒரு சார்ஜண்ட் அவர்களை அணிவகுத்துக் கூட்டிப்போய்விட்டார். ஆனாலும் திரும்பும் படகில் அம்மா தீவு இருக்கும் பக்கமாகவே நின்றுகொண்டார். "உக்காருங்கம்மா, அவன் அங்க இல்ல" என்றேன்.

"தெரியும். நான் பாத்துக்கிட்டு வர்றேன். நீ உக்காரு" என்றார்.

குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த பட்டியலை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது ஒரு படம் இருக்கிறது. மகள் எனக்குத் தெரியாமல் எடுத்தது. செம்பனைகளுக்கு நடுவே பாட்டியும் பேரனும் கைகோத்து நடக்கிறார்கள், முதுகு மட்டும் தெரிகிறது. கீழே மகளின் கையெழுத்தில் 'ஏழாங்கட்டை'.

உங்கள் வீட்டிலும் ஒரு கட்டை இருக்கும். எந்தத் தோட்டமோ, எந்தக் கம்பமோ, எந்தக் கிராமமோ. அந்த இடத்தைக் காட்டத் தெரிந்தவர் இன்னும் உங்களோடு இருந்தால், அடுத்த விடுமுறைக்குக் காரில் அவருக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள். ஜப்பானை அதற்கடுத்த விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம்.